விளையாட்டுக்கும் பூட்டா?

சாயங்காலம் ஆறரை மணி. நாட்றம்பள்ளியில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நாள் முழுவதும் மிஷின்மீது குனிந்து அப்பர் தைத்த பெண்கள், காலி டிபன் பாக்ஸும் கையுமாக இறங்கி, வேகவேகமாக வீட்டை நோக்கி நடக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் வீட்டுக்கு நாம் சென்ற மாதம் போயிருந்தோம். பத்தொன்பது வயது மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். பரண்மேல் பழைய துணியில் சுற்றி வைத்திருந்த லேப்டாப் ஒன்றை இறக்கிக் காட்டினான். அவனுடைய அக்கா பிளஸ் டூ படித்தபோது சர்க்கார் இலவசமாகக் கொடுத்தது. அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள். லேப்டாப் வீட்டோடு தங்கிவிட்டது.

“நல்லாத்தான் ஓடுது, அண்ணா. ஆனால் இதில் புது விண்டோஸ் ஏறாதாம். பழைய விண்டோஸுக்குக் கம்பெனி இனிமேல் பொறுப்பில்லையாம். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்கிறார் கடைக்காரர்” என்றான்.

“லினக்ஸ் போட்டுப் பார்த்தாயா, தம்பி?” என்று கேட்டோம்.

“போட்டால் கேம் ஓடாதே, அண்ணா!”

அடுப்படியிலிருந்து தாயாரின் குரல் வந்தது: “ஓடாவிட்டால் நல்லதுதானே! இவன் கண்ணாவது மிஞ்சும்!”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும்போது சிரிப்பு போய்விட்டது. “கேம் ஓடாதே!” என்ற அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் எவ்வளவு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது! ஜனங்களின் வரிப் பணத்தில் வாங்கிய நல்ல இயந்திரம் ஒன்று பரண்மேல் தூங்குகிறது. அதைத் தூங்க வைத்திருப்பது என்ன? பழுதா? இல்லை. ஒரு கம்பெனியின் காலண்டரும், அந்தக் கம்பெனியை விட்டால் விளையாட முடியாது என்ற எண்ணமும்தான்!

இந்த எண்ணம் சரியா? அதைத்தான் இந்த வாரம் பரிசீலிக்க விரும்புகிறோம்.

விளையாட்டு அற்ப விஷயமா?

“பாலாறு சாகிறது, தோல் தொழிலாளிக்குக் கூலி போதவில்லை, பீடித் தொழிலாளிக்கு வேலை குறைகிறது, இந்த நேரத்தில் வீடியோ கேமைப் பற்றி எழுத வந்துவிட்டீர்களே!” என்று சில நண்பர்கள் கோபிக்கக்கூடும். அவர்களுடைய கோபத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறோம்.

1817ல் ராபர்ட் ஓவன் எட்டு மணி நேர வேலையைப் பற்றிப் பேசியபோது, வேலைக்கு எட்டு மணி, தூக்கத்துக்கு எட்டு மணி, பொழுதுபோக்குக்கு எட்டு மணி என்றுதான் நாளைப் பங்கிட்டார். 1923ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் அந்தப் பங்கீட்டின் நினைவாகத்தான். மூன்றாவது எட்டு மணி யாரோ போட்ட பிச்சையல்ல. போராடிப் பெற்ற சொத்து. அந்தச் சொத்தில் நம் தகப்பனார் சிலம்பம் சுற்றினார், நாடகம் பார்த்தார். நாம் கபடி ஆடினோம், சினிமாக் கொட்டகைக்குப் போனோம். இன்றைய வாலிபன் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறான். அதில் என்ன குற்றம்?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தை நாம் ஆதரிக்கவில்லை. குடும்பங்களைக் குடித்த அந்த ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது; அது வேறு கதை. இரவு பகல் பாராமல் திரையை வெறிப்பதையும் நாம் ஆதரிக்கவில்லை. அந்தத் தாயார் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அளவோடு விளையாடுகிற வாலிபன், எந்தக் கம்பெனியின் வாசலில் நின்று விளையாட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது யார்? கேள்வி இதுதான்.

காலண்டரை வைத்துக் கொல்லும் வித்தை

2025 அக்டோபர் 14ந் தேதி. அன்றோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2015ல் வெளிவந்த அந்த விண்டோஸ், உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஆதரவு நின்றால் இயந்திரம் அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத் திருத்தம் வராது. திறந்த வீடு மாதிரி கிடக்கும். இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமானால் 30 டாலர் கட்டு; இல்லாவிட்டால் எங்களிடம் கணக்குத் திறந்து உன் கம்ப்யூட்டரின் அமைப்புகளை எங்கள் கிடங்கில் சேர் என்று தனி உபயோகிப்பாளர்களுக்கு நிபந்தனை போட்டார்கள்.

சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்றால், அங்கே இன்னொரு கதவு. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; கம்பெனி வெளியிட்ட பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும். பட்டியலில் இல்லாத இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி, அதற்கு முறைப்படி இடமில்லை.

நம் பக்கத்துத் தொழிலாளிக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். நீங்கள் தைத்த ஷூ கிழியவில்லை, தையல் விடவில்லை, அடி தேயவில்லை. ஆனால் கம்பெனிக்காரன் வந்து, “அடுத்த மாதத்திலிருந்து இந்த ஷூவுக்கு லேஸ் விற்கமாட்டோம், வேறு லேஸும் இதில் கோக்க முடியாது, புது ஷூ வாங்கு” என்கிறான். ஒப்புக்கொள்வீர்களா?

ஒப்புக்கொள்ளமாட்டோம். லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் இருக்கிறது. 1983ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவும் சேர்ந்து உருவானது அது. மூலநிரல் பகிரங்கமாக இருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். பழைய இயந்திரங்களில் இலேசாக ஓடக்கூடிய வகைகளும் அதில் உண்டு. விலை கிடையாது.

அப்படியானால் நம் வாலிபன் ஏன் மாறவில்லை? படிப்புக்கு வேண்டியது லினக்ஸில் கிடைக்கிறது. கடிதம் எழுத, கணக்குப் போட, படம் பார்க்க எல்லாம் கிடைக்கிறது. விளையாட்டு ஒன்றுதான் தளை. பெரிய வீடியோ கேம்கள் எல்லாம் விண்டோஸுக்கென்றே தயாராகின்றன. அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு முழு மனிதனையும் இழுத்து வைத்திருக்கிறார்கள்!

நடுவில் நிற்கும் துபாஷி

இந்தக் கயிற்றை அறுக்கும் கருவி ஒன்று முப்பது வருஷங்களுக்கு மேலாக இருக்கிறது. அதன் பெயர் வைன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சாராயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! தான் ஒரு போலி இயந்திரம் அல்ல என்று அறிவிக்கிற ஆங்கில வாக்கியம் ஒன்றின் முதலெழுத்துக்களே அந்தப் பெயர்.

அது செய்கிற வேலை என்ன? நம் ஊர்ப் பக்கத்து உதாரணமே போதும். தோல் வியாபாரத்தில் ஒருவர் உருது பேசுகிறார். ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறவர் தெலுங்கு பேசுகிறார். டேனரியில் தொட்டியண்டை நிற்கிற தொழிலாளி தமிழ் பேசுகிறார். இருந்தும் வேலை தடைப்படுவதில்லை. ஏன்? மூன்று பாஷையும் தெரிந்த ஒருவர் நடுவில் நிற்கிறார். அங்கே சொன்னதை இங்கே சொல்லுகிறார், சரக்கு நகர்கிறது.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். ஒரு விளையாட்டு ஓடும்போது, நொடிக்கு நொடி இயங்குதளத்திடம் வேலை கேட்கிறது. “இந்தக் கோப்பைத் திற, இந்தச் சத்தத்தை எழுப்பு, இந்த உருவத்தைத் திரையில் வரை” என்று கேட்கிறது. விண்டோஸுக்குத் தயாரான விளையாட்டு இவற்றை விண்டோஸ் பாஷையில் கேட்கும். இந்த வேலைகளெல்லாம் லினக்ஸுக்கும் தெரியும். ஆனால் பெயர்கள் வேறு, கேட்கும் முறை வேறு. வைன் நடுவில் நின்று, விண்டோஸ் பாஷையில் வந்த கோரிக்கையை வாங்கி, லினக்ஸிடம் சொல்லி, வேலையை முடித்துக் கொடுக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் பாவனை செய்து இயந்திரத்தைத் திணறடிப்பதில்லை. கோரிக்கையை மட்டும் மாற்றுகிறது. அதனால்தான் சாதாரண இயந்திரத்திலும் அது வேலை செய்கிறது.

மைக்ரோசாஃப்டின் மூலநிரலைத் திருடி இதைச் செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வெளியான விவரக் குறிப்புகளைப் படித்தார்கள். ஒரு கோரிக்கையைக் கொடுத்தால் விண்டோஸ் என்ன பதில் தருகிறது என்று ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து பார்த்தார்கள். அதே பதில் வரும்படி தாங்களே புதிதாக எழுதினார்கள். எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கும்!

வேலை 1993ல் தொடங்கியது. 1994லிருந்து அலெக்சாந்தர் ஜூலியார் அதற்குத் தலைமை தாங்கி வருகிறார். முதல் முழுப் பதிப்பான 1.0 வெளிவந்தது எப்போது தெரியுமா? 2008 ஜூனில்! பதினைந்து வருஷங்கள்! லாபக் கணக்குப் பார்க்கும் எந்த முதலாளி பதினைந்து வருஷம் காத்திருப்பான்? பல நாட்டுப் புரோகிராமர்கள், சிலர் கூலிக்கும் பலர் கூலி இல்லாமலும், கல் மேல் கல்லாக அடுக்கிய வேலை இது.

பொதுக் கிணற்றுக்கு வேலி போட்ட கதை

வைன் வரலாற்றில் ஒரு சம்பவத்தை உழைப்பாளிகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் வைனுக்கு இருந்த உரிமம் மிகவும் தாராளமானது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; திருத்தலாம்; திருத்தியதை மூடி வைத்துக்கொண்டு விற்கவும் விற்கலாம். கனடாவைச் சேர்ந்த டிரான்ஸ்கேமிங் என்ற கம்பெனி வந்தது. பொதுவில் கிடந்த வைனை எடுத்தது. வீடியோ கேம் ஓடுவதற்கான பகுதிகளைச் சேர்த்தது. மாதச் சந்தா வசூலித்து விற்றது. முதலில் வைனெக்ஸ் என்றும் பிறகு செடிகா என்றும் அதற்குப் பெயர். சேர்த்த பகுதிகளில் முக்கியமானவை பொதுக் களஞ்சியத்துக்குத் திரும்பவில்லை.

ஊர் கூடி வெட்டிய கிணற்றில் ஒருவன் மோட்டார் வைத்து இறைத்து ஊருக்கே விற்றால் எப்படியிருக்கும்? சட்டப்படி அவன் செய்தது தப்பல்ல. ஏனென்றால் ஊரார் எந்தக் கட்டுப்பாடும் எழுதி வைக்கவில்லை.

வைன் உழைப்பாளிகள் விழித்துக்கொண்டார்கள். தங்களுக்குள் விவாதித்தார்கள். 2002 மார்ச்சில் உரிமத்தை மாற்றினார்கள். எல்.ஜி.பி.எல். என்ற புதிய உரிமத்தின் சாரம் இது: எடுத்துக்கொள், உபயோகி, விற்றாலும் விற்றுக்கொள்; ஆனால் வைனைத் திருத்தி வெளியே கொடுத்தால், திருத்திய மூலநிரலையும் கூடவே கொடுத்தாக வேண்டும்.

பலன் என்ன? 2011ல் செடிகா சேவை மூடப்பட்டது. பூட்டி வைத்த பொருள் பூட்டோடு போயிற்று. பொதுக் கிணறோ இன்றும் ஊறிக்கொண்டிருக்கிறது! பொதுச் சொத்து நிலைக்க வேண்டுமானால் நல்ல மனசு மட்டும் போதாது, எழுதி வைத்த கட்டுப்பாடும் வேண்டும். அந்தப் புரோகிராமர்கள் அனுபவத்தில் கற்ற பாடம் இதுதான்.

இரண்டு யானைகளின் சண்டை

இனி 2018க்கு வருவோம். அந்த ஆண்டு ஆகஸ்டில் வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி புரோட்டான் என்ற கருவியை வெளியிட்டது. ஸ்டீம் என்ற மிகப் பெரிய வீடியோ கேம் கடையை நடத்துகிற கம்பெனி அது. வைனை அடிப்படையாகக் கொண்டு, வைன் வேலையில் நெடுநாளாக ஈடுபட்டுள்ள கோட்வீவர்ஸ் கம்பெனியோடு சேர்ந்து புரோட்டானைத் தயாரித்தார்கள். முன்பு ஒவ்வொரு விளையாட்டுக்கும் மணிக்கணக்கில் அமைப்புகளைத் திருகிக்கொண்டிருந்தவன், இப்போது ஒரு பொத்தானை அழுத்தி விளையாடும் நிலை வந்தது.

அதில் ஒரு முக்கியப் பகுதி டி.எக்ஸ்.வி.கே. விளையாட்டுகள் படம் வரைவதற்கு உபயோகிக்கும் டைரக்ட் த்ரீடி என்ற விண்டோஸ் பாஷையை, வல்கன் என்ற பொதுத் தரத்துக்கு மாற்றுவது அது. அதை எழுதத் தொடங்கியவர் பிலிப் ரெபோல் என்ற புரோகிராமர். ஏன் எழுதினார்? 2017ல் வெளிவந்த நியர் ஆட்டோமாட்டா என்ற விளையாட்டைத் தன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஆட ஆசைப்பட்டார், அவ்வளவுதான்! நாட்றம்பள்ளி வாலிபனுக்கு உள்ள அதே ஆசை! அந்த ஆசையிலிருந்து பிறந்த வேலையை இன்று உலகம் உபயோகிக்கிறது. விளையாட்டை அற்பம் என்று நினைக்கும் நண்பர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

சரி, வால்வுக்கு ஏன் இந்தத் தயாள குணம்? தயாளமும் இல்லை, தர்மமும் இல்லை. 2012ல் விண்டோஸ் 8 வந்தது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள்ளேயே சொந்தக் கடை திறந்தது. கடை வீதியின் சொந்தக்காரனே கடை போட்டால் வாடகைக் கடைக்காரன் நடுங்கமாட்டானா? வால்வின் தலைவர் கேப் நியூவெல் விண்டோஸ் 8 எல்லோருக்கும் பெருங்கேடு என்று பகிரங்கமாகச் சொன்னார். தனக்கென ஒரு தப்பும் வழி தேடினார். லினக்ஸ் அந்த வழி. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டு இயந்திரம் லினக்ஸில்தான் ஓடுகிறது.

ஒரு ஏகபோகம் இன்னொரு ஏகபோகத்துக்குப் பயந்து செய்த காரியம் நமக்குப் பயன்படுகிறது. பயன்படுத்திக்கொள்வோம். ஆனால் மயங்கிவிட வேண்டாம்! புரோட்டானின் மூலநிரல் திறந்திருக்கிறது. ஸ்டீம் கடையின் மூலநிரல் மூடியே இருக்கிறது. விற்பனையில் சாதாரணமாக 30 சதவீதத்தைக் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். நாளைக்கே வால்வ் மனம் மாறினால்? கடை போகும், ஆனால் வைனுக்குள் சேர்ந்த உழைப்பு போகாது. 2002ல் எழுதி வைத்த கட்டுப்பாடு அதைக் காக்கிறது. வால்வைப் போன்ற பெரிய கம்பெனியும் வைனில் செய்த திருத்தங்களைப் பகிரங்கமாக வைத்துத்தான் ஆக வேண்டும்.

2025 அக்டோபரில், ஸ்டீம் எடுத்த கணக்கெடுப்பில் லினக்ஸ் உபயோகிப்பவர்கள் 3 சதவீதத்தைத் தாண்டினார்கள். நூற்றுக்கு மூன்று பேர். சின்னக் கணக்குதான். ஆனால் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கதவடைத்த அதே மாதம் அது!

உண்மையை மறைக்கமாட்டோம்

எல்லா விளையாட்டும் லினக்ஸில் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜனங்களிடம் பாதி உண்மை சொல்லி ஆதரவு திரட்டுவது நம் வழக்கமல்ல.

முதலாவது, பலர் சேர்ந்து ஆடும் சில பெரிய ஆன்லைன் விளையாட்டுகள் ஓடா. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்க அந்தக் கம்பெனிகள் ஒரு காவலாளியை வைக்கின்றன. வலோரன்ட் விளையாட்டின் வேன்கார்ட் இதற்கு உதாரணம். அது விண்டோஸின் கருவறைக்குள்ளேயே போய் உட்காருகிறது. துபாஷியால் அங்கே போக முடியாது. வேறு சில காவல் கருவிகள் 2021லிருந்து புரோட்டானோடு ஒத்துழைக்கும்படி செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் அனுமதிப்பதா வேண்டாமா என்பது விளையாட்டுக் கம்பெனியின் கையில். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முதலில் அனுமதித்தது. 2024 அக்டோபர் கடைசியில், லினக்ஸ் வழியாக ஏமாற்றுக்காரர்கள் நுழைகிறார்கள் என்று சொல்லிக் கதவை மூடிவிட்டது. ஏமாற்றியவன் சிலபேர், தண்டனை எல்லோருக்கும்! இது தொழில்நுட்பம் போட்ட பூட்டு அல்ல. முதலாளி போட்ட பூட்டு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, இயந்திரத்தின் வயது. வல்கன் தெரியாத பழைய கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் டி.எக்ஸ்.வி.கே. வேலை செய்யாது. 2011ல் கொடுத்த லேப்டாப்பில் புது விளையாட்டுகளை எதிர்பார்க்கக் கூடாது. விண்டோஸிலும் அவை அதில் ஓடப்போவதில்லை. பழைய விளையாட்டுகளை வைன் தன்னுடைய பழைய வழியிலேயே ஓட்டும். சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி. போன்ற கட்டற்ற விளையாட்டுகளுக்குத் துபாஷியே தேவையில்லை.

மூன்றாவது, கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் நாளே எல்லாம் சரியாக நடக்காது. சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். இங்கேதான் சர்க்காரின் பொறுப்பு வருகிறது.

சர்க்கார் பாதி வழியில் நின்றது

தமிழ்நாட்டில் இந்த வழி புதிதல்ல. 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சர்க்கார் ஸ்தாபனமான எல்காட் சூஸ் லினக்ஸுக்கு மாறியது. சி-டாக் என்ற மத்திய சர்க்கார் ஸ்தாபனத்தின் சென்னைப் பிரிவு பாஸ் என்ற இந்திய லினக்ஸை 2007ல் வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15ந் தேதி இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் மட்டும் 9 லட்சத்துக்கு மேல். விண்டோஸ், பாஸ் இரண்டும் அதில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் கேட்டார்கள்.

கேட்டார்கள், சரி. பிறகு? பாஸை எப்படி உபயோகிப்பது என்று பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வாத்தியாருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு கதவு. ஒரு கதவுக்குப் பின்னால் தெரிந்த விளையாட்டுகள். இன்னொரு கதவுக்குப் பின்னால் தெரியாத வெறும் அறை. பையன் எந்தக் கதவைத் திறப்பான்? கடைக்குக் கொண்டுபோய் அந்த இரண்டாவது கதவையே அழித்துவிட்டு, கள்ள விண்டோஸ் ஏற்றிக்கொண்டு வந்த வாலிபர்களை நம் பக்கத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. விதையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பக்கத்து ராஜ்யத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2001ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது பாடப் புத்தகம் மைக்ரோசாஃப்ட் மென்பொருளைச் சுற்றியே இருந்தது. ஆசிரியர் சங்கமான கே.எஸ்.டி.ஏ. எதிர்த்துக் கிளம்பியது. ஒரு கம்பெனியின் சரக்கைப் படிப்பு என்று சொல்லி விற்காதே என்றது. வாதாடி, போராடி, பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இன்று அங்கே கைட் என்ற ஸ்தாபனம் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்துக் கொடுக்கிறது. வித்தியாசம் எங்கே? இயந்திரத்தில் இல்லை. சொல்லிக்கொடுக்கும் ஆளில் இருக்கிறது!

2026 ஜனவரியில் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி லேப்டாப் கொடுக்கத் தொடங்கினார்கள். விண்டோஸ் 11உடன் பாஸும் இருக்கிறது. புதிய இயந்திரங்கள், வல்கன் தெரிந்தவை, பல விளையாட்டுகளைப் புரோட்டான் அவற்றில் நன்றாகவே ஓட்டும். இந்தத் தடவையும் இரண்டாவது கதவை வெறும் அறையாக விடப்போகிறோமா?

நம் கோரிக்கைகள் பெரியவை அல்ல. சர்க்கார் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு லேப்டாப்பிலும் கட்டற்ற இயங்குதளம் பெயருக்கு இல்லாமல், வைன், வல்கன் முதலியவை சரியாக அமைக்கப்பட்டு, வேலை செய்யும் நிலையில் வரவேண்டும். கல்லூரிக்கு இரண்டு ஆசிரியருக்காவது பயிற்சி வேண்டும். பரண்மேல் கிடக்கும் பழைய லேப்டாப்புகளைப் புதுப்பிக்கத் தாலுகா நூலகங்களில் முகாம் நடத்த வேண்டும். சர்க்கார் பணத்தில் செய்யும் திருத்தம் எதுவாயினும் பொதுக் களஞ்சியத்துக்குத் திரும்ப வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? வேண்டாம். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்து வருகிறது. காஞ்சிபுரத்திலும் அத்தகைய குழு உண்டு. கணியம் 2012லிருந்து கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கி வருகிறது. அவர்களால் முடிந்தது நம் பக்கத்து வாலிபர்களால் முடியாதா?

மறுபடியும் அந்த வீட்டில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென் டிரைவோடு அந்த வீட்டுக்குப் போனோம். விவரம் தெரிந்த வாலிபர் ஒருவரும் கூட வந்தார். முதலில் அக்காவின் கல்யாணப் படங்களைப் பத்திரமாக வேறு இடத்தில் எடுத்து வைத்தோம். பிறகு லினக்ஸ் ஏற்றினோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வைன் போட்டோம். பையன் தன்னிடமிருந்த 1999ம் வருஷத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தை எடுத்தான். முதல் தடவை திரை கருப்பாக நின்றது. அமைப்பை மாற்றினோம். இரண்டாவது தடவை சத்தம் வந்தது, படம் வரவில்லை. மூன்றாவது தடவை ஓடியது!

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நண்பர்களோடு ஆடும் வலோரன்ட் ஓடாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னோம். “யார் ஓடவிடாமல் செய்கிறார்கள் என்று இப்போ தெரியுது, அண்ணா” என்றான்.

தாயார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். திரையில் குட்டிக் குட்டி ஆட்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இவர்களெல்லாம் யாருடா?”

“வேலைக்காரர்கள், அம்மா. இவர்கள் வெட்டினால்தான் ராஜா கோட்டை கட்ட முடியும்.”

“கூலி உண்டா?”

பையன் விழித்தான். தாயார் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வாலிபர்களே! உங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு லேப்டாப் இருக்கிறதா? பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் இறக்குங்கள். ஒருவருக்கு ஒருவர் கற்றுக்கொடுங்கள். தெரிந்தவர் தெரியாதவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். விளையாடுங்கள், அளவோடு விளையாடுங்கள். விளையாட்டு ஓடாதபோது, ஏன் ஓடவில்லை, பூட்டுப் போட்டது யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றவனை எந்தக் கம்பெனியின் காலண்டரும் பயமுறுத்த முடியாது!